கால் எப்படி இருக்கு?

மே 27, செவ்வாய்

பாத்ரூமில் வழுக்கி இன்றோடு பன்னிரண்டு நாள். கணுக்கால் எலும்பில் சின்னக் கீறல்தான், ஆனால் மாவுக்கட்டு முழங்கால் வரை. "இந்தக் கட்டோட மதுரைக்குப் போகணுமா?" என்கிறாள் இவள். வெள்ளிக்கிழமை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அதிகாரிகள் செல்போன் குறைகளைக் கேட்க அங்கே வருகிறார்கள். எங்கள் நுகர்வோர் சங்கத்துக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை விட்டால் அவர்கள் முன்னால் எப்போது நிற்பது? நிற்கவும் முடியாது, உட்கார்ந்தே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

மே 28, புதன்

மச்சினன் மகன் டவர் சிக்னல் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான். என்ன பேசலாம் என்று கேட்டேன். "மாமா, கட் ஆகுற கால விடுங்க. கட் ஆகாத காலப் பத்திக் கேளுங்க" என்றான்.

பழைய 2ஜியில் 'ரேடியோ லிங்க் டைம்அவுட்' என்று ஓர் எண் உண்டாம். சிக்னல் செத்த பிறகும் எவ்வளவு நேரம் லைனை விடாமல் பிடித்திருக்கலாம் என்பதை அது முடிவு செய்யும். 4 முதல் 64 வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை விநாடி. 64 வைத்தால் அரை நிமிடம் வரை லைன் உயிரோடு இருப்பதாகவே காட்டும். அதற்குள் நாம் "ஹலோ, ஹலோ" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு நாமே வைத்துவிடுவோம். வாடிக்கையாளரே வைத்ததால் அது கட் ஆன கணக்கில் வராது. கட் ஆகும் கால்கள் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இப்படிக் கழித்தால் ஏன் இருக்காது?

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் போய்விட்டது. நான்தான் வைத்தேன்.

மே 30, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேடையில் நால்வர். நடுவில் இருந்தவர் வடக்கத்திக்காரர், பக்கத்தில் இருந்தவர் தமிழர். என் முறை வந்ததும் சங்கத்துப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்தான். தமிழ் அதிகாரி குனிந்து பார்த்து, "ஐயா, கால் எப்படி இருக்கு?" என்றார்.

நேரடியாக விஷயத்துக்கு வருகிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "மோசம் சார். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கட் ஆகுது. வீட்டுக்குள்ள சுத்தமா இல்ல, மொட்டை மாடிக்கு ஓடுனாத்தான் வருது."

அவர் முகம் மாறியது. "மாடிக்கு ஓடுறீங்களா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"டாக்டர்கிட்ட பேசுறப்பதான் சார் ரொம்ப கட் ஆகுது!"

பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. அவர் கண் என் மாவுக்கட்டில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வடக்கத்திக்காரருக்கு அவர் காதோடு விளக்கினார். அவர் எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தார்.

அதோடு டைம்அவுட் எல்லாம் மறந்துவிட்டது. குறிப்புத்தாள் சட்டைப் பையில் இருக்க, வாய்க்கு வந்ததைப் பேசினேன்: கட் ஆகும் காலுக்கு ஒரு ரூபாய் தருவதாகச் சொன்னீர்களே, அது என்ன ஆச்சு? கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் உடனே எழுந்தார். காலுக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று வரை என்ற அந்த 2015 விதியை உச்ச நீதிமன்றம் 2016 மே மாதமே ரத்து செய்துவிட்டது என்றார். 2 சதவீதத் தரத்தைக் காப்பாற்றியவர்களுக்கும் அபராதமா என்பதும் அந்த வழக்கில் ஒரு கேள்வி. எனக்குத் தெரியாதா? அந்த 2 சதவீதத்தைப் பற்றிக் கேட்கத்தானே போனேன். மணி அடித்துவிட்டார்கள்.

மே 31, சனி

தமிழ் அதிகாரி வாசல் வரை வந்து, மீதியை எழுதி அனுப்பச் சொன்னார் என்பதை நேற்று எழுத விட்டுவிட்டது. நல்ல மனிதர். இவளிடம் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்து, "கால் சரியானதும் முறைப்படி புகார் கொடுங்க" என்றாள். எந்தக் கால் என்று கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

மனு எழுதுகிறேன். 'கால்' என்று வந்த இடமெல்லாம் அடித்து 'அழைப்பு' ஆக்கினேன். இப்போதெல்லாம் பெரும்பாலும் 4ஜியில்தான் பேச்சு, அதனால் டைம்அவுட் எண்ணை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம் என்கிறான் மச்சினன் மகன். பெயர் என்னவானாலும் போகட்டும், குரல் போய் லைன் மட்டும் நிற்கும் நேரத்தைத் தனியாக எண்ணச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

அதற்கு ஆதாரம் வேண்டுமே. காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலை 10.40, தங்கச்சி, 14 விநாடி. மதியம் 1.15, கேஸ் ஏஜென்சி, 9. மாலை 6.05, எலும்பு டாக்டர், 22.