கொடியில் காயும் வெள்ளைத் துணி: பதினொரு தாள்கள்

ஏழு வருடமாக அக்ரிலிக்கில் வரைந்து பழகிய கை என்னுடையது. அங்கே வெளிச்சம் கடைசியில்தான் வரும். இருட்டை முதலில் பூசி, எல்லாம் முடிந்தபின் வெள்ளையைத் தொட்டு இரண்டு இடத்தில் வைத்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதமேதான். எந்த இடத்தை விட்டுவைப்பது என்று பிரஷ்ஷை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். இந்தத் தலைகீழ் பழக்கம் கைக்கு ஏற மாதக்கணக்கில் ஆகிறது.

அதற்காகவே இந்த முறை கொடியில் காயும் வெள்ளைத் துணிகளை எடுத்துக்கொண்டேன். தூண்டியது அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். எண்ணெய் வண்ண உருவப்படங்களால் பேர் பெற்றவர் என்றாலும், என்னை ஈர்ப்பவை அவருடைய வாட்டர்கலர்கள். 1910இல் அவர் வரைந்த 'லா பியாங்கெரியா'வில் இருப்பதெல்லாம் காயப்போட்ட துணிகளும் அவற்றின் மேல் விழும் வெயிலும்தான். ஒன்றுமில்லாத விஷயத்தை எடுத்து இப்படி மினுங்க வைக்க முடியுமா என்ற ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை. சில படங்களில் அவரும் ஒளிபுகா வெள்ளையைத் தொட்டிருக்கிறார். தப்பில்லை. ஆனால் விட்டுவைக்கத் தெரியும்வரை எனக்கு அது வேண்டாம் என்று வெள்ளை ட்யூபை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

முதல் மூன்று தாள்கள் மரக்கூழ் காகிதம், 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்). நனைத்ததும் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. இரண்டாவது பூச்சு போட்டால் முதல் பூச்சு கரைந்து கூடவே வந்தது. அப்புறம் 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பருக்கு மாறினேன். பிரஷ்ஷில் சிக்கனம் பிடிக்கலாம், காகிதத்தில் கூடாது.

துணியின் நிழலுக்கு முதலில் கறுப்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பார்த்தேன். துணி அழுக்கானதுபோல் இருந்தது. அல்ட்ராமரின் என்ற நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தபோதுதான் சரியான சாம்பல் கிடைத்தது. அல்ட்ராமரின் துகள்கள் காகிதத்தின் சின்னச் சின்னக் குழிகளில் போய்ப் படியும். காய்ந்தபின் கிட்டப் போய்ப் பார்த்தால் நீலம் ஒரு பக்கமும் பழுப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நெசவு மாதிரியே தெரிகிறது. தாலோ நீலத்தில் இது நடக்கவில்லை. அது காகிதத்தைக் கறையாகப் பிடித்துக்கொள்கிறது, துடைத்தாலும் முழுசாக வருவதில்லை.

அதிக நேரம் பிடித்தது ஈரத்தின் பதம். தாளைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்தால் நிறம் போன இடம் தெரியாது. பளபளப்பு மங்கத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வைத்தால் ஓரம் மெத்தென்று கரைந்து, போட்ட இடத்திலேயே நிற்கும். மடிப்புகளுக்கு அதுதான் வேண்டும். அதையும் தாண்டி, தாளைவிட ஈரமான பிரஷ்ஷால் தொட்டால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி விரிந்துவிடும். ஏழாவது தாள் அப்படித்தான் போனது. நல்ல படமாக வந்துகொண்டிருந்தது, மனசு வலித்தது. இப்போது ஒவ்வொரு தொடலுக்கும் முன்னால் பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி எடுக்கிறேன்.

மாஸ்கிங் ஃப்ளூயிடும் போட்டுப் பார்த்தேன். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசி, நிறம் காய்ந்தபின் உரித்தெடுக்கும் ரப்பர் மாதிரியான திரவம் அது. துணியின் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் சுற்றிலும் ஒரே மாதிரி வந்தது. வெயில் படும் ஓரம் கூர்மையாகவும் நிழல் பக்கம் பின்னணியோடு கலந்தும் இருந்தால்தான் துணி காற்றில் தொங்கும். அதனால் கொடிக்கயிறுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

பதினொன்றாவது தாளில் துணியை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் மரத்தின் அடர்பச்சையைத்தான் முதலில் போட்டேன். காய்ந்தால் நிறம் ஒரு படி வெளுக்கும் என்பதால் கண்ணுக்குச் சரியாகப் பட்டதைவிட அழுத்தமாகவே போட்டேன். பச்சை சுற்றி வந்து முடிந்ததும், நடுவில் தொடாத காகிதம் வெயிலாகவே தெரிந்தது. துணியின் மேல் மூன்று மடிப்புக் கோடுகள், கீழ் ஓரத்தில் தரையிலிருந்து எழும் வெளிச்சத்துக்காக நீர்த்த மஞ்சள் காவி கொஞ்சம். நான்காவது மடிப்புக்குக் கை போனது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

அடுத்த தாளில் இரண்டு துணிகள் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். வெயில் ஊடுருவும் ஒற்றைத் துணியும், ஊடுருவ முடியாத இரட்டை மடிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பென்சிலில் கோடு போட்டு, தாளைப் போர்டில் ஒட்டியாயிற்று.