புகார் கொடுத்த பிறகு என்ன?

திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி ஞாபகம் இருக்கிறதா? 2023 ஆகஸ்ட். கூடப் படிக்கும் பையன்கள் சாதி சொல்லிச் சீண்டியதால் பள்ளிக்கே போகாமல் இருந்த பிளஸ் டூ மாணவன், ஆசிரியர்களிடம் புகார் சொன்னான். அன்று இரவே வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு.

புகார் வந்ததும் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது ஒன்றுதான். இரண்டு பேரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, "சரி, கைகொடுங்கடா" என்று அனுப்பிவிடுவார்கள். யார் போட்டுக்கொடுத்தது என்று அடித்தவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். அப்புறம் பஸ் ஸ்டாப் வரை அந்தப் பிள்ளையோடு யார் போவார்கள்? தனித்தனியாக விசாரிக்கக்கூட நேரமில்லையாம் (ரெக்கார்ட் நோட்டில் மார்ஜின் பார்க்க மட்டும் நேரம் உண்டு).

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கூடாது என்ற பரிந்துரையைப் பற்றித்தான் டிவியில் சண்டை. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் இந்த மாதிரிப் பிரச்சினைகளைக் கவனிக்கத் தனியாக ஒரு நலன் அலுவலர் வேண்டும் என்றதை யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பாடமும் எடுத்து, எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) விவரமும் ஏற்றும் ஆசிரியரிடமே இதையும் தள்ளினால் மறுபடி கைகொடுக்கச் சொல்லித்தான் அனுப்புவார்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் புகாரை யார் வாங்குகிறார்கள்? கேட்டுப் பார்த்தீர்களா?