பாதி டூரில் நின்றவள்

அமெரிக்கப் பாடகி, நடிகை செலீனா கோமஸ் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் முதல் பத்தியிலேயே அவளுடைய பழைய காதலர், பாடகர் ஜஸ்டின் பீபர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இந்தப் பதிவில் அவருக்கு இடமில்லை. பத்து வயதில் கேமரா முன்னால் நின்று இன்றுவரை உழைக்கிற ஒருத்தியின் வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவளுக்கு இருக்கும் அதே லூபஸ் நோய் எனக்கும் இருக்கிறது. அதனால் அவள் பாட்டை நான் கேட்கிற விதமே வேறு.

1992-ல் டெக்சஸில் பிறந்தாள். அப்போது அவள் அம்மாவுக்கு வயது 16. செலீனா என்ற பெயர், செலீனா கின்டனிலா என்ற பாடகியின் பெயரைப் பார்த்து வைத்தது. அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது இவளுக்கு ஐந்து வயது. அம்மாதான் வேலை மாற்றி வேலை பார்த்து வளர்த்தார். ராயபுரத்தில் எங்கள் தெருவிலும் இப்படி வளர்ந்த பெண்கள் உண்டு, அதனால் இந்தக் கதை எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. 'பார்னி' என்ற ஊதா டைனோசரோடு ஆடிப்பாடும் குழந்தைகள் நிகழ்ச்சியில் தொடங்கி, 2007-ல் டிஸ்னி சேனலின் 'விசார்ட்ஸ் ஆஃப் வேவர்லி ப்ளேஸ்' தொடருக்கு வந்தாள். நான் அவளைப் பார்த்தது அதில்தான். மந்திரம் தெரிந்த வீட்டில் படிப்பு ஏறாத நடுப்பெண், எப்போதும் அண்ணனை வம்புக்கு இழுப்பவள். தொடரின் டைட்டில் பாட்டையும் அவளே பாடியிருந்தாள்.

டிவியில் பேர் வாங்கிய பிள்ளையைத் தங்கள் சொந்த கம்பெனியிலேயே பாட வைப்பது டிஸ்னியின் வழக்கம். அவளும் 16 வயதில் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸில் கையெழுத்துப் போட்டாள். 'தி சீன்' குழுவோடு 2009, 2010, 2011 என்று வரிசையாக மூன்று ஆல்பம் வந்தன. அவற்றை இப்போது கேட்டால், சொல்லிக்கொடுத்ததைச் சரியாகப் பாடும் ஒரு பிள்ளைதான் தெரிகிறாள். உச்சத்துக்கு ஏறும் குரல் அவளுக்கு இல்லை. 2013-ல் தபலாச் சத்தத்தோடு 'கம் அண்ட் கெட் இட்' வந்தது, அவள் நெற்றியில் பொட்டு வைத்து மேடையேறியதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது 2015-ல் வந்த 'குட் ஃபார் யூ'. அதில் காதோரம் பேசுகிற மாதிரி, கீழ்க்குரலிலேயே பாடியிருக்கிறாள். தன் குரலை அவள் கண்டுபிடித்த பாட்டு அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே 2015 அக்டோபரில்தான் லூபஸ் விஷயத்தை வெளியே சொன்னாள். அதற்கு முன்பு ஒரு கச்சேரி டூரைப் பாதியில் ரத்து செய்தபோது போதைப் பழக்கம் என்று எழுதினார்கள். உண்மையில் அவள் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தாள். கேன்சர் இல்லாமல் கீமோ எதற்கு என்று கேட்பார்கள். லூபஸில் நம் நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்குகிறது, அதை அடக்க அந்த வகை மருந்துகளும் தேவைப்படும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் இளவயதினர்.

2016 ஆகஸ்டில் 'ரிவைவல்' டூரை நடுவில் நிறுத்தினாள். பதற்றமும் மனச்சோர்வும் லூபஸோடு சேர்ந்து வருகின்றன, கொஞ்ச நாள் ஒதுங்கப்போகிறேன் என்றாள். நான் அப்போது எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீபாவளி சீசன் முடியட்டும் என்று கடையில் சொன்னார்கள். செலீனா செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மாம் பெரிய ஆளே போதும்னு வந்துட்டாளா? அப்ப நீயும் வந்துடு, பாத்துக்கலாம்" என்றார் அம்மா. மறுநாள் நான் போகவில்லை.

2017 செப்டம்பரில் அந்தப் படம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில்கள், ஒன்றில் செலீனா, இன்னொன்றில், லூபஸால் சிறுநீரகம் பழுதான அவளுக்குத் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்த தோழி, நடிகை ஃப்ரான்சியா ரைசா. இருவரும் கைகோத்திருக்கிறார்கள். உலகமே அதை நட்பின் படமாகப் பார்த்தது. வடசென்னையில் இருந்துகொண்டு என்னால் அப்படி மட்டும் பார்க்க முடியவில்லை. ஒரு காலத்தில் வில்லிவாக்கத்தை 'கிட்னிவாக்கம்' என்றே சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட மீனவப் பெண்கள் கடன் தாங்காமல் சிறுநீரகம் விற்றதும், புரோக்கர்கள் பேசிய பணத்தைத் தராமல் ஏமாற்றியதும் 2007-ல் செய்தியாக வந்தன. அதனால்தான் இங்கே தோழி தர முன்வந்தாலும் உடனே நடக்காது. அப்பா, அம்மா, பிள்ளை, உடன்பிறப்பு, கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை தவிர யார் தந்தாலும் காசு கைமாறவில்லை என்று அங்கீகாரக் குழு முன்னால் நிரூபிக்க வேண்டும். அந்தக் கெடுபிடி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். எனக்கும் சிறுநீரகம் பாதித்து யூரினில் புரோட்டீன் போக ஆரம்பித்தபோது அம்மா தன்னுடையதைத் தருவதாகச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை, எடுக்க மாட்டார்கள். இதுவரை மாத்திரையிலேயே எனக்குக் கட்டுப்பட்டிருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் அவளுடைய நல்ல பாட்டுகள் வந்தன என்பதை ரசிகர்கள்கூடக் கவனிப்பதில்லை. 2019-ல் 'லூஸ் யூ டு லவ் மீ' அவளுக்கு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதல் நம்பர் ஒன் பாட்டு. 2020 ஜனவரியில் 'ரேர்' ஆல்பம். அடுத்த சில வாரங்களில் கொரோனா. ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் கொரோனாவுக்கு மருந்து என்று பேச்சு கிளம்பி, எங்களைப் போன்றவர்கள் தினமும் போடும் அந்த மாத்திரை கடைகளில் கிடைக்காமல் போனது. கல்மண்டபத்தில் கடை கடையாக அலைந்துவிட்டு வந்து ராத்திரி அந்த ஆல்பத்தைத்தான் கேட்பேன். நைஜீரியப் பாடகர் ரேமாவோடு அவள் பாடிய 'காம் டவுன்' பிற்பாடு காசிமேட்டுக் கல்யாண மண்டபம்வரை வந்து சேர்ந்தது. ஆடிய பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பாடியது யாரென்றே தெரியாது.

இந்த நோய்க்கு ஸ்டீராய்டு போட்டால் முகம் உருண்டு வீங்கும். "இன்னாமே, ஒரு சுத்து பெருத்துட்டே" என்று தண்ணி லாரி வரிசையில் கேட்பார்கள். அவளை உலகமே கேட்டது. 2023-ல் அவள் நேரலையில் வந்து, மருந்து எடுக்கும்போது உடம்பில் நீர் கோக்கும், விட்டால் இறங்கும், எனக்கு என் ஆரோக்கியம்தான் முக்கியம், நான் மாடல் இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. கேட்பவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

2024-ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதை இன்னும் மூன்று பேரோடு பகிர்ந்துகொண்டாள். ஆனால் அவள் நடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் 'ஒன்லி மர்டர்ஸ் இன் தி பில்டிங்' பாருங்கள். ஸ்டீவ் மார்ட்டின், மார்ட்டின் ஷார்ட் என்ற இரண்டு பழுத்த நகைச்சுவை நடிகர்கள் ஓடி, விழுந்து, கத்திக்கொண்டிருக்க, இவள் நடுவில் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரு வரி சொல்வாள். சிரிப்பு அங்கேதான் வரும். பாட வந்த காலத்தில் குறையாகச் சொன்ன அதே கீழ்க்குரல்தான்.