அப்பாவின் காலைத் தரை விட்டது

"ஏம்மா, என் காலைத் தரை விடமாட்டேங்குது."

அப்பா இதை முதன்முதலில் சொன்னது எங்கள் வீட்டு பாத்ரூம் வாசலில். படிகூடக் கிடையாது, வெறும் டைல்ஸ்தான். வலது காலைத் தூக்கப் பார்க்கிறார். பாதம் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. நான் கையைப் பிடித்த பிறகு இரண்டு அங்குலம் இழுத்து வைத்தார். அவருக்கு அப்போது 72 வயது. வயசானால் நடை தளரத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். அதிலேயே எட்டு மாதம் போனது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

இரண்டு முறை விழுந்த பிறகுதான் நரம்பியல் டாக்டரிடம் போனோம். பார்க்கின்சனாக (நடுக்குவாதமாக) இருக்கலாம் என்று அதற்கான லெவோடோபா மாத்திரையை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் அளவைக் கூட்டிக்கூட்டிக் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. இதற்கிடையில் பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைய ஆரம்பித்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வெகுநேரம் யோசித்தார். இவை இரண்டையும் நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை. காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

வழி காட்டியது வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தம்பி. ஹாலில் வெள்ளை டேப்பை அடிக்கொரு கோடாக ஒட்டி, அதைத் தாண்டி நடக்கச் சொன்னார். பார்க்கின்சன் உள்ள பலருக்கு இப்படிக் கோடு போட்டால் கால் வந்துவிடுமாம். அப்பாவுக்கு வரவில்லை. "கையை நல்லா வீசுறாரு அக்கா, காலைத்தான் அகட்டி வச்சு இழுக்கிறாரு. இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க" என்றவர், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் திரும்பும்போதும் நடையை என் போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த டாக்டர் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். சிறுநீர் எப்படி, ஞாபகம் எப்படி என்று அவராகவே கேட்டார். தரை விடமாட்டேன் என்கிறது என்று அப்பா சொல்வதைச் சொன்னேன். "இந்த நடைக்குக் காந்த நடைன்னே பேரு இருக்கும்மா" என்றார்.

எம்.ஆர்.ஐ.யில் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் பெருத்திருந்தன. அவற்றின் முன்பகுதி அகலம், மண்டையோட்டின் உள் அகலத்தில் 0.3 பங்கைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். அப்பாவுக்கு 0.36. நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸ் என்று பெயர். மூளையில் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து வடிகிறது. வடிவதில் கோளாறு வந்து அறைகள் விரியும்போது நடை, சிறுநீர், நினைவு மூன்றும் கெடுகின்றன. கொலம்பியாவைச் சேர்ந்த சலமோன் ஹக்கீம் என்ற மூளை அறுவை நிபுணர் 1965-லேயே இதை எழுதிவிட்டார்.

அப்புறம், அந்த நீரைக் கொஞ்சம் எடுத்தால் நடை தேறுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. காலையில் 10 மீட்டர் நடக்கவிட்டார்கள்: 31 வினாடி, 44 காலடி. பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகில் ஊசி போட்டு 40 மில்லி நீர் எடுத்தார்கள். பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து அதே வராந்தாவில் மறுபடி நடந்தார். செருப்பு தேய்கிற சத்தம் இல்லை. நான் முதலில் கவனித்ததே அதைத்தான். 19 வினாடி, 27 காலடி. நர்ஸ் எண்ணிக்கை சொல்வதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு நாளில் பழைய நடை திரும்பியது. அப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நீர் தொடர்ந்து வடிய ஷன்ட் என்ற குழாயை உள்ளே வைக்க வேண்டும், தலையில் ஆபரேஷன் என்றதும் அம்மா பயந்துவிட்டார். டாக்டர் ஒளிக்காமல் பேசினார். தொற்று வரலாம், நீர் அதிகமாக வடிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம், நினைவு எவ்வளவு தேறும் என்று உறுதி கிடையாது, நடைதான் அதிகம் தேறும் என்றார். 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொன்னார். 99 பேருக்கு ஷன்ட் வைத்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும், நீர் வடிவதைக் கட்டுப்படுத்தும் அதன் வால்வு வேலை செய்யாதபடி அமைத்திருந்தார்களாம். மூன்று மாதத்தில் வால்வு திறந்திருந்தவர்களின் நடை வேகம் வினாடிக்கு 0.23 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 0.03 தான். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா சரி என்றார்.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. மூளையிலிருந்து தோலுக்கடியில் வயிறுவரை ஒரு மெல்லிய குழாய். காதுக்குப் பின்னால் தொட்டால் பட்டாணி அளவுக்கு வால்வு தட்டுப்படும். முதல் மூன்று வாரம் பெரிதாக எதுவும் மாறவில்லை, நான் தூங்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து, வெளியிலிருந்தே காந்தக் கருவியை வைத்து, வால்வு நீரை விடும் அளவை ஒரு படி மாற்றினார்கள். பத்தே நாளில் அப்பா தெருமுனைவரை போய்ப் பேப்பர் வாங்கிவந்தார். வேட்டி நனைவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மறதி கொஞ்சம் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் வால்வில் வைத்த அந்த அளவு மாறிவிடக்கூடும், உடனே சரிபார்க்க வேண்டும். அதற்காகக் கொடுத்த கார்டை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். சட்டை மாற்றும்போது அதை எடுத்து வைக்க மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.