மோட்டாரை எப்படி அனுப்புவது?

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு கூட்டம் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறது, சிலருக்கு சிந்தோக்கிலோ ஸ்கூடாயிலோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது, ஆசிரியர் வேலை கிடைத்தவர்களைச் சில சமயம் சரவாக் உள்பகுதிக்கு அனுப்புகிறார்கள். ஆள் பஸ் ஏறிப் போய்விடுவார், அவருடைய கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், மட்டும் வாசலில் நிற்கும். அப்புறம் போன் வரும்: "மாமா, மோட்டாரை எப்படியாவது அனுப்பிவிடுங்களேன்." இந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது.

ஓட்டிக்கொண்டே போய்விடலாமே என்பார்கள். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது, பெட்ரோல் காசு மட்டும்தான், இதைவிட மலிவான வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பக்கத்திலுள்ள ஈப்போவிலிருந்தே ஜொகூர் பாரு 500 கிலோமீட்டருக்கு மேல், எல்சி135 மாதிரி கப்சாய் டேங்க்கில் 4 லிட்டர்தான் பிடிக்கும், வழியில் மழை, பக்கத்தில் உரசிக்கொண்டு போகும் லோரிகள். பழகிய கை, நல்ல டயர், பகல் நேரம் என்றால் சரி. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே கிளம்புகிறேன் என்கிற பையனிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ரயிலை மறந்துவிடுங்கள். இப்போது நம் ஸ்டேஷனில் நிற்கும் ஈடிஎஸ், ஆட்கள் போகிற மின்சார ரயில், அதில் மோட்டார் ஏற்றச் சரக்குப் பெட்டி கிடையாது. பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் இடத்தில் போட்டு அனுப்பலாம் என்று சிலர் சொல்வார்கள், டிரைவரிடம் பேசிச் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. அந்த இடத்தில் மோட்டாரைப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். படுத்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகும், பழைய பேட்டரியாக இருந்தால் ஆசிட்டும் ஒழுகும், மேலே பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய பையோ நனைந்தால் அந்தச் சண்டைக்கு யார் போவது?

மிஞ்சுவது லோரி. மோட்டார் அனுப்புவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், போஸ் மலேசியா மூலமாகவும் அனுப்பியவர்கள் உண்டு. எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: இங்கே ஏற்றுகிற லோரியே அங்கே போய் இறக்குமா, இல்லை நடுவில் ஸ்டோரில் இறக்கி வேறு லோரியில் ஏற்றுவார்களா? கீறல், உடைந்த சிக்னல் விளக்கு, வளைந்த பிரேக் பெடல் எல்லாம் ஓடும்போது வருவதைவிட ஏற்றி இறக்கும்போதுதான் அதிகம் வரும். கை மாற மாற அடி கூடும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் நேராகப் போகிற லோரிக்கே கொடுங்கள்.

அடுத்தது கட்டுவது. கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், வெட்கப்படாதீர்கள். மோட்டாரை ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் குழியில் லோரி குதிக்கும்போது ஸ்டாண்டு விலகி பெல்ட் தளர்ந்துவிடும். இரண்டு டயரும் தரையில் இருக்க வேண்டும், முன் சக்கரம் லோரியின் முன் சுவரிலோ ஒரு கட்டையிலோ முட்டி நிற்க வேண்டும். முன்னால் இரண்டு பக்கமும் பெல்ட்டை இழுக்கும்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும், முழுக்க அமுக்கினால் சீல் போய் எண்ணெய் கசியும். கப்சாயில் இன்னொரு தொல்லை, முன்னால் முழுக்கப் பிளாஸ்டிக். பெல்ட் அதன்மேல் அழுந்திக்கொண்டு போனால் ஊர் சேர்வதற்குள் வெடித்திருக்கும். பழைய துண்டு ஒன்றை மடித்து இடையில் வையுங்கள். கண்ணாடி, பின்பெட்டி, கூடை எல்லாவற்றையும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது. டேங்க்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தால் போதும், இறங்கியதும் பெட்ரோல் ஸ்டேஷன் வரை ஓட்டத்தான்.

ஏற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், மீட்டரையும் எடுங்கள். இறங்கும் இடத்தில் மோட்டாரைப் பெற்றுக்கொள்கிறவர் அந்தப் படங்களைப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஆட்களில் பலர் ரோட் டெக்ஸ் புதுப்பிக்க வேண்டுமே என்று மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் எடுக்கிறவர்கள். நம் மோட்டாருக்கு அடிபட்டால் அதில் ஒரு காசும் வராது. அதனால் லோரிக்காரர் தனியாக என்ன இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார், எவ்வளவு வரை கொடுப்பார் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

சபா, சரவாக் என்றால் கதை வேறு. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கூச்சிங், பிந்துலு, கோத்தா கினபாலு பக்கம் கப்பலில் போக வேண்டும், அதற்குக் கஸ்டம்ஸின் கே3 படிவம் வேண்டும். கப்பல் ஏஜெண்டே நிரப்பிக் கொடுப்பார். இழுத்தடிப்பது மற்ற காகிதங்கள்தான். மோட்டாருக்கு லோன் இன்னும் முடியவில்லை என்றால் கடன் கொடுத்தவரிடம் சம்மதக் கடிதம் கேட்பார்கள், அது வர நாளாகும். இன்னொன்று, தோட்டத்துப் பிள்ளைகள் ஓட்டும் மோட்டார்களில் பாதி அப்பா பெயரில்தான் இருக்கும். கிரான், அதாவது மோட்டாரின் பதிவுப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஐசி (அடையாள அட்டை) நகல், அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இரண்டும் வேண்டும். அப்பா ஒரு ஊரில், மகன் கூச்சிங்கில் என்றால் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். அசல் கிரானை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

சென்னைக்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து ராமேஸ்வரம் வரை தன் மோட்டாரிலேயே ஓட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டான். முடியும். ஆனால் இந்தியாவுக்குள் வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக கார்னெட் என்கிற பத்திரம் வேண்டும். இங்கே அதைக் கொடுப்பது மலேசிய ஆட்டோமொபைல் சங்கம், அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும், மோட்டாரைக் கெடுவுக்குள் திரும்பக் கொண்டுவந்தும் ஆக வேண்டும். பல நாடு சுற்றப் போகிறவனுக்கு அது சரி. ரெண்டு வார லீவில் போகிற உனக்கு எதற்குடா என்றேன், விமானச் சீட்டு எடு, மோட்டாரை அங்கேயே வாடகைக்குப் பிடித்துக்கொள்.