கிளைத் தண்ணீரைவிட இலேசான இலைத் தண்ணீர்

பைன் மரத்தின் ஊசியிலைகளைக் கிள்ளி, குப்பியில் போட்டு, மூடியை இறுக்க முதல் நாள் எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. உச்சி வெயிலில் அது பெரிய தப்பு. பறிபட்ட இலையிலிருந்தும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இலேசான ஆக்சிஜன்-16 உள்ள மூலக்கூறுகள் முந்திக்கொண்டு ஓட, கனமான ஆக்சிஜன்-18 உள்ளவை பின்தங்கிவிடும். ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் இரண்டுதான் ஆக்சிஜன்-18. அந்த இரண்டில் வரும் துளி மாற்றத்தை அளக்கத்தான் இத்தனை பாடு.

வேர் உறிஞ்சும் தண்ணீர் கிளைக்குள் மாறாமல் ஏறும், ஊசியிலைக்குள் போனதும் கனமாகும். நான் படித்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

பிறகு விடியலுக்கு முன்னும் மாதிரி எடுத்தோம். முந்தைய நாள் மழை, இரவெல்லாம் மூடுபனி. ஊசிகளின் மேல் நின்ற ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். பிசினில் கையுறை குப்பி மூடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முடிவு வந்தபோது மூன்று மாதிரிகளில் இலைத் தண்ணீர் கிளைத் தண்ணீரைவிட இலேசாக இருந்தது. நோட்டில் 'கெட்டுவிட்டது' என்று சிவப்பில் எழுதினேன். காரணமும் கையில் இருந்தது: வெற்றிடத்தில் இலையைச் சூடாக்கி, வரும் ஆவியை −196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய குழாயில் உறைய வைக்கிறோம். பாதியில் நிறுத்தினால் கனமான தண்ணீர் இலையிலேயே தங்கிவிடும், ஆக்சிஜன்-18 எண் இறங்கிவிடும். நான்தான் அவசரப்பட்டிருப்பேன்.

சரி என்று அந்த இலைகளை எடை போட்டு, அடுப்பில் இன்னொரு முறை உலர்த்தி மறுபடி நிறுத்தேன். எடை குறையவே இல்லை. தண்ணீர் முழுவதும் வந்திருக்கிறது!

அப்புறம்தான் கிரெய்க்–கோர்டன் சமன்பாட்டைப் பொறுமையாகப் பார்த்தேன். கடல்நீர் ஆவியாவதைக் கணக்கிட 1965-இல் எழுதியது, பின்னால் இலைக்கும் பொருத்தினார்கள். அதில் ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கினால், இலைத் தண்ணீரின் எண்ணைக் காற்றின் ஆவியே முடிவு செய்யும். இலைத்துளைகள் இரவில் முழுதாக மூடுவதில்லை. ஆவி வெளியே போகிற வழியிலேயே உள்ளேயும் வருகிறது. அன்றிரவு ஆவியை அளந்த லேசர் கருவியின் பதிவைத் திறந்தேன். மழைக்குப் பின் ஆவி நன்றாக இலேசாகியிருந்தது. பதிவு முதல் நாளிலிருந்தே அங்கேதான் கிடந்தது, நான் பார்க்கவில்லை.

இது தண்ணீரோடு நிற்கிற விஷயமும் இல்லை. பகலில் துளைக்குள் வரும் கார்பன் டை ஆக்சைடு, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் தயவில் இலைத் தண்ணீரோடு நொடியில் ஆக்சிஜனை மாற்றிக்கொள்கிறது. உள்ளே வந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இலையின் முத்திரையோடு திரும்பக் காற்றுக்கே போய்விடும். இலைத் தண்ணீரில் நான் பிழை விட்டால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு கணக்கும் கோணும்.

சிவப்பு எழுத்தை அடித்துவிட்டேன். இப்போதெல்லாம் கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஆவிக் கருவி ஓடுகிறதா என்று பார்க்கிறேன்.