யவீரு நின்ற இடம்

நான் சொன்னது இரண்டே வார்த்தை. "ஆமாங்க, அற்புதம்தான்."

சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தப்பு என்று இன்னும் மனசு ஒப்பவில்லை. சரிதான் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் படுக்கவும் முடியவில்லை.

கேட்டது நாலாம் பெட் அண்ணனின் மனைவி. அந்த அண்ணன் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் நின்று வேலை பார்த்திருக்கிறார். குதிகாலில் வெடிப்பு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் அது வழியாக உள்ளே போய் எலிக் காய்ச்சல். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, மூச்சு இரைக்க எங்கள் டயாலிசிஸ் யூனிட்டுக்கு வந்தார். மூன்று வாரம் மெஷினில் ஓட்டினோம். அப்புறம் ஒருநாள் அளவு ஜாடியில் 200 மில்லி. இரண்டு நாள் கழித்து 600. அடுத்த வாரம் இரண்டு லிட்டரைத் தாண்டியது. டயாலிசிஸ் செய்யாமலே, ரத்தத்தில் தேங்கியிருந்த கிரியேட்டினின் என்ற கழிவு இறங்க ஆரம்பித்தது.

ஒரு வியாழக்கிழமை கழுத்தில் போட்டிருந்த குழாயை டாக்டர் எடுத்தார். எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துப் பத்து நிமிஷமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தது நான். கையை எடுக்க முடியாது, நகர முடியாது. அப்போதுதான் அவர் மனைவி என் தோளைத் தொட்டு, குரல் உடைந்து கேட்டார்: "சிஸ்டர், நீங்களும் நம்மள மாதிரி விசுவாசிதான். சொல்லுங்க, இது அற்புதம்தானே?"

சொன்னேன்.

அஞ்சாம் பெட்டில் தம்பி படுத்திருந்தான். இருபத்து மூன்று வயது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போனவன். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். அப்போது எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தான். அன்று வழக்கம்போல காதில் ஹெட்போன், கண் மூடியிருந்தது. அவன் அம்மா கால்மாட்டில் டிபன் பாக்ஸோடு நின்றார். நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். அவர் டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி மூடினார்.

சனிக்கிழமை தம்பி வரவில்லை. போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

திங்கள் இரவு எனக்கு ஆன்-கால். பதினொரு மணிக்கு எமர்ஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். பொட்டாசியம் 7.4. ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் சாப்பாட்டுப் பட்டியலைக் கேட்கிற ஆட்கள். ஈசிஜி தாளில் அலைகள் கூடாரம் கூடாரமாக எழும்பியிருந்தன. கால்சியம் ஊசி போட்டு, இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றி, மெஷினில் போடும்வரை எனக்குக் கை ஓடவில்லை. மூன்று நாள் உபவாச ஜெபம் இருந்தார்களாம். ஞாயிறு சாயங்காலம் முடித்ததும், வெறும் வயிறாயிற்றே என்று அந்த அம்மா இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்கு அமிர்தம். சிறுநீரகம் வேலை செய்யாதவனுக்கு அதில் இருக்கிற பொட்டாசியம் நேராக இதயத்தில் கை வைக்கும். அந்த அம்மாவுக்கு அது தெரியும். எட்டு மாதமாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது பொருட்டில்லை என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அதனால்தான் இதை என்னால் எழுதவே முடிகிறது.

இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "டாக்டர்கிட்ட கேளுங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?" திட்டவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், வாஸ்தவம். ஆனால் அது கர்த்தரை மறுதலிப்பது இல்லையா? தினமும் காலையில் டூட்டி மாற்றும்போது அந்த அண்ணனின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஜெபித்தவள் நான். கேட்டதைக் கொடுத்தவருக்கு முன்னால், "எனக்குத் தெரியாதுங்க" என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. எலிக் காய்ச்சலில் நின்றுபோகிற சிறுநீரகம் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யும். உள்ளே இருக்கிற நுண்குழாய்களின் செல்கள் புதிதாக வளரும். அதுவரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் மெஷினின் வேலை. டாக்டர் முதல் வாரமே சொன்னார், "இவர் மீண்டுடுவார்." தம்பிக்கு அந்த வழி இல்லை. சுருங்கியது சுருங்கியதுதான், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை இந்த மெஷின்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. பெயரைப் பதிந்து காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மெஷின், ஒரே மாதிரி சத்தம், ஒரே ரத்தச் சிவப்புக் குழாய்கள். வெளியிலிருந்து பார்க்கிற தாய்க்கு என்ன வித்தியாசம் தெரியும்? வித்தியாசம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அந்த இடத்தில் இருந்தேன். அதைச் சொல்லவில்லை.

என்னோடு வேலை பார்க்கிற கத்தோலிக்கத் தோழி பிரான்சில் இருக்கிற லூர்து மாதா கோயில் பற்றிச் சொன்னாள். 1883-லிருந்து அங்கே டாக்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சுகத்தையும் விசாரிக்கிறார்களாம். மருந்தால் ஆனதா, தானாகச் சரியாகக்கூடிய நோயா, திரும்ப வந்ததா என்று வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். 70ஆவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது ஒரு பிரெஞ்சு கன்னியாஸ்திரி 2008-இல் பெற்ற சுகம். அறிவித்தது 2018-இல். பத்து வருஷம். அந்த மேஜையில் நம் அண்ணனின் ஃபைலை வைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே மூடியிருப்பார்கள். நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த அளவுகோலும் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. விளக்கம் கிடைத்துவிட்டால் அது தேவனுடைய கை இல்லையா? பைபிளில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார் கர்த்தர். அதே அதிகாரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறார். ஜெபமும் பற்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் மெஷினை நான் அந்த அத்திப்பழ அடையாகத்தான் பார்க்கிறேன். சபைகளில் இதை யாராவது சத்தமாகச் சொன்னால் நன்றாயிருக்கும். மாத்திரையை விழுங்குவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். தன்னோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து ஊரில் விட்டுவந்ததாக அப்போஸ்தலர் பவுலே எழுதுகிறார். அவருக்கா விசுவாசம் குறைவு?

அந்த வாரம் முழுக்க மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தையே திருப்பித் திருப்பி வாசித்தேன். பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத ஸ்திரீயின் கதை சின்ன வயசிலிருந்து எனக்குப் பிடித்தது. பன்னிரண்டு வருஷம் வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் செலவழித்தவள் வஸ்திரத்தைத் தொட்டதும் சுகமாகிறாள். ஆனால் அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்தக் கூட்டத்தில் யவீருவும் நிற்கிறான். மகள் சாகக் கிடக்கிறாள் என்று காலில் விழுந்து கூட்டிக்கொண்டு போகிறவன் அவன். வழியில் இயேசு நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது." இது முடிவதற்குள் யவீருவுக்குச் செய்தி வருகிறது, பிள்ளை போய்விட்டாள் என்று. அந்த நேரமெல்லாம் அவன் பக்கத்தில்தான் நின்றான். இன்னொருத்திக்குக் கிடைத்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, "உன் விசுவாசம்" என்ற வார்த்தையைக் காதால் கேட்டுக்கொண்டு. அவன் மனசில் என்ன ஓடியது என்று மாற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நான் கேட்ட பிரசங்கங்களிலும் யாரும் அந்த இடத்தில் நிற்கவில்லை.

டிபன் பாக்ஸை மூடிய அந்த அம்மா எனக்கு யவீருவாகத் தெரிந்தார்.

அந்த ஸ்திரீயைக் கூட்டத்தின் நடுவே பேச வைத்தவரும் இயேசுதான். அப்படியென்றால் அண்ணனின் மனைவி வாய்விட்டுக் கேட்டதிலும் நான் வாய்விட்டுச் சொன்னதிலும் குற்றமில்லை. இப்படி ஒரு வாரம் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு அதே அதிகாரத்தின் கடைசி வசனம் குறுக்கே வந்து நின்றது. யவீருவின் மகளை எழுப்பிய பிறகு, இதை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று உறுதியாகக் கட்டளையிடுகிறார். அவளுக்கு ஆகாரம் கொடுங்கள் என்கிறார். ஒரே நாள், ஒரே தெரு. ஒன்றைச் சொல்ல வைத்தார், ஒன்றை மூட வைத்தார். எதை எப்போது என்று பிரித்தறியும் கண் எனக்கு இருந்திருந்தால்!

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அந்த அம்மாவிடம் கேட்டே விட்டேன். காப்பீட்டுக் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போகிற வழியில், படிக்கட்டில்.

"அம்மா, அன்னைக்கு நாலாம் பெட்ல நான் சொன்னேனே. அதைக் கேட்டுட்டுத்தான் சனிக்கிழமை வராம இருந்தீங்களா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தலையை ஆட்டினார். "ஐயோ, அதெல்லாம் எனக்குக் காதுலயே விழல சிஸ்டர். ரசம் டப்பால கொட்டிடுச்சோன்னு பாத்துட்டு இருந்தேன். வீட்டுக்குப் போனதும் இவன்தான் சொன்னான். 'அந்த அண்ணனுக்கு ஆச்சுன்னு சிஸ்டரே சொன்னாங்கம்மா, ஒரே ஒரு தடவ போகாம பாப்போம்'னு. நான் வேணாம்னுதான் சொன்னேன். புள்ள வாயைத் தொறந்து கேட்டதே இல்ல. எப்படி மாட்டேங்கிறது?"

எட்டு மாதம் அவன் என்னிடம் கேட்டதெல்லாம் ஏசியைக் குறைக்கச் சொல்லித்தான்.

மாலையில் மின்சார ரயிலில் தாம்பரம் திரும்பும்போது பரங்கிமலை ஸ்டேஷன் வரும். இயேசுவின் சீடர் தோமா உயிரை விட்ட இடம் என்று நம் ஊரில் வழிவழியாகச் சொல்கிற மலை. காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். இயேசு அவரைத் துரத்தவில்லை, விரலை நீட்டு என்றார். அன்றைக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதை நினைத்தேன். தம்பி சனிக்கிழமை செய்ததைக் கர்த்தரைப் பரீட்சை பார்த்தது என்று நான் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவனும் விரலை வைத்துப் பார்க்கத்தான் ஆசைப்பட்டான். ஆனால் அவனுக்கு நடந்தது வேறு. ஏன் வேறு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவன் இதுவரை கேட்கவுமில்லை.

அண்ணன் ஒருமுறை பரிசோதனைக்கு வந்தபோது பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஸ்தோத்திரம்தான் எழும்பியது. அதை அடக்கவில்லை. பையை மட்டும் அஞ்சாம் பெட்டைத் தாண்டும்போது மறைத்து எடுத்துப்போனேன்.

நேற்றும் செவ்வாய் ஷிஃப்ட். ஊசி குத்துவதற்கு முன் தம்பியின் இடது கையில், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் விறுவிறுவென்று ரத்தம் அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது, நன்றாக. பக்கத்து பெட்டில் புதிதாக வந்த ஒரு பாட்டிக்குச் சிறுநீர் இறங்க ஆரம்பித்திருக்கிறது. அவர் மகள் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். தம்பி காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான், கண் மூடியிருந்தது. அதில் பாட்டு ஓடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.